அட்லாண்டிக்கைத் தனியே கடந்த முதல் பெண்: அமெலியா இயர்ஹார்ட்டின் வாழ்வும் விடை காணாத முடிவும்

வடக்கு அயர்லாந்தின் டெரி நகரை அடுத்துள்ள சிற்றூர் கல்மோர். 1932-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி பிற்பகலில் அவ்வூரின் மேய்ச்சல் நிலம் ஒன்றில் சிவப்பு நிற விமானம் ஒன்று தரையிறங்கியது. பசுக்கள் மிரண்டு ஓடின. எண்ணெய்ப் பிசுக்கு படிந்த முகத்துடன் விமானத்திலிருந்து இறங்கினார் ஒரு பெண். முந்தைய நாள் மாலை கனடாவை ஒட்டிய நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து புறப்பட்ட அவர், இரவு முழுவதும் அட்லாண்டிக் பெருங்கடலின் மீது தன்னந்தனியாகப் பறந்து வந்திருந்தார். பயண நேரம் 14 மணி 56 நிமிடங்கள்; கடந்த தொலைவு ஏறத்தாழ 3,260 கிலோமீட்டர்.

அவர்தான் அமெலியா இயர்ஹார்ட். அட்லாண்டிக்கைத் தனியே விமானத்தில் கடந்த முதல் பெண். ஆண், பெண் இருபாலரையும் சேர்த்துக் கணக்கிட்டால் சார்லஸ் லிண்ட்பெர்க்கிற்கு அடுத்து இரண்டாமவர். ஆனால், அட்லாண்டிக்கைக் கடந்த பெண் என்ற புகழ் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அவருக்குக் கிடைத்துவிட்டிருந்தது. அந்தப் புகழுக்குத் தாம் உரியவர் அல்ல என்ற எண்ணமே அவரை 1932-இல் தனியே புறப்பட வைத்தது.

கான்சாஸில் தொடங்கிய வாழ்வு

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆட்சிசன் நகரில், ஓய்வுபெற்ற நீதிபதியான தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்தில், 1897-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி அமெலியா பிறந்தார். தந்தை எட்வின் இயர்ஹார்ட் வழக்கறிஞர். ரயில்வே நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டு வழக்குகளைக் கவனித்து வந்தவர். தாய் ஏமி, தம் இரு மகள்களையும் அக்காலப் பெண் குழந்தைகளுக்குரிய கட்டுப்பாடுகளைத் திணிக்காமல் வளர்த்தார். மரமேறுவதும் பனிச்சறுக்கு வண்டியில் குப்புறப்படுத்துச் சரிவில் பாய்வதும் அச்சகோதரிகளின் அன்றாட விளையாட்டுகள். கொட்டகைக் கூரையிலிருந்து தரை வரை மரச் சட்டங்களைச் சாய்த்து அமைத்து, பெட்டியில் அமர்ந்து சறுக்கி இறங்கியபோது அமெலியாவுக்கு வயது ஏழு.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தந்தை மதுவுக்கு அடிமையானார். 1914-இல் வேலையை இழந்தார். குடும்பம் ஊர்விட்டு ஊர் மாறியது. செயின்ட் பால், சிகாகோ எனப் பள்ளிகள் மாறின. 1916-இல் சிகாகோவின் ஹைட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்தபோது, தம் வாழ்வுக்குத் தாமே பொருளீட்ட வேண்டும் என்ற உறுதி அவருள் வேரூன்றியிருந்தது. பிற்காலத்தில் பெண்களின் பொருளாதாரத் தற்சார்பு குறித்து அவர் இடைவிடாது பேசியதற்கான வித்து இந்த ஆண்டுகளில்தான் விழுந்தது எனலாம்.

போர்க்கால மருத்துவமனையும் பத்து நிமிடப் பயணமும்

1917-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் தங்கையைக் காண கனடாவின் டொரன்டோ நகருக்குச் சென்ற அமெலியா, முதல் உலகப் போரில் கை, கால் இழந்து திரும்பிய வீரர்களைத் தெருக்களில் கண்டார். கல்லூரிக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கி, ஸ்பதினா ராணுவ மருத்துவமனையில் செவிலியர் உதவியாளராகப் பணியேற்றார். 1918-இல் பரவிய கொள்ளைநோய்க் காய்ச்சல் அவரையும் தாக்கியது. அதன் விளைவாக ஏற்பட்ட மூக்கெலும்புக் குழி அழற்சி அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. உயரத்தில் பறக்கும்போதெல்லாம் தலைவலியோடு போராட வேண்டியிருந்ததைப் பலர் அறியார்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவத்திற்கு முந்தைய படிப்பில் சேர்ந்த அவர், ஓராண்டில் அதைக் கைவிட்டுக் கலிபோர்னியாவில் இருந்த பெற்றோரிடம் சென்றார். 1920-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி லாங் பீச் நகரில் நடந்த விமானக் காட்சியில், பத்து டாலர் கட்டணம் செலுத்திப் பத்து நிமிடம் வானில் பறந்தார். விமானத்தை ஓட்டியவர் ஃபிராங்க் ஹாக்ஸ். தரையிலிருந்து சில நூறு அடி எழும்பிய கணத்திலேயே, விமானம் ஓட்டக் கற்றே ஆகவேண்டும் என்று அமெலியா முடிவு செய்துவிட்டார்.

சில நாள்களுக்குள், 1921 ஜனவரியில், நேட்டா ஸ்னூக் என்ற பெண் விமானியிடம் முதல் பாடம் தொடங்கியது. பயிற்சிக் கட்டணத்திற்காகத் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றினார், புகைப்படம் எடுத்தார், சரக்கு வண்டியும் ஓட்டினார். தாயும் தங்கையும் கைகொடுக்க, மஞ்சள் வண்ணச் சிறு விமானம் ஒன்றை வாங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘கேனரி’. அதே விமானத்தில் 1922 அக்டோபர் 22 அன்று 14,000 அடி உயரம் எட்டி, பெண் விமானிகளுக்கான புதிய சாதனையைப் படைத்தார். 1923 மே மாதத்தில் சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் பெற்றார். அந்த உரிமம் பெற்ற 16-ஆவது அமெரிக்கப் பெண் அவர்.

ஆயினும் பறப்பது வயிற்றுப்பாட்டிற்கு வழி காட்டவில்லை. குடும்பச் சேமிப்பு கரைந்தது. 1924-இல் பெற்றோர் மணமுறிவு பெற்றனர். விமானத்தை விற்றுக் கார் ஒன்றை வாங்கிய அமெலியா, தாயை அமர்த்திக்கொண்டு அமெரிக்கக் கண்டத்தின் குறுக்கே பாஸ்டன் நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கு டெனிசன் ஹவுஸ் என்ற தொண்டு இல்லத்தில், குடியேறிய ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் சமூகப் பணியாளரானார். ஓய்வு நேரத்தில் மட்டும் பறந்தார்.

உழைக்காமல் வந்த புகழ்

1928 ஏப்ரலில் அந்த இல்லத்திற்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அட்லாண்டிக்கை விமானத்தில் கடக்கும் முதல் பெண்ணாக இருக்க விருப்பமா என்று மறுமுனையில் கேட்கப்பட்டது.

லிண்ட்பெர்க் 1927 மே மாதத்தில் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியே பறந்து உலகையே வியப்பில் ஆழ்த்தியிருந்தார். அதன்பின் அக்கடலைக் கடக்கும் முதல் பெண் யார் என்ற போட்டி எழுந்தது. அந்த முயற்சியில் ஓராண்டு முடிவதற்குள் மூன்று பெண்கள் உயிரிழந்திருந்தனர். செல்வச் சீமாட்டியான ஏமி கெஸ்ட், தாமே பறக்க எண்ணி விமானம் ஒன்றை வாங்கியிருந்தார். குடும்பத்தார் தடுத்ததால், தகுதியான வேறொரு பெண்ணை அனுப்பத் தீர்மானித்தார். அவரைத் தேடும் பொறுப்பு பதிப்பாளர் ஜார்ஜ் புட்னமிடம் ஒப்படைக்கப்பட்டது.

மூன்று எஞ்சின்கள் கொண்ட ‘ஃபிரெண்ட்ஷிப்’ விமானம் 1928 ஜூன் 17 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் டிரெபாசி துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. விமானத்தை ஓட்டியவர் வில்மர் ஸ்டல்ட்ஸ். உடன் இருந்த மெக்கானிக் லூயிஸ் கார்டன். அமெலியாவின் பணி பயணக் குறிப்பேட்டை எழுதுவது மட்டுமே. 20 மணி 40 நிமிடங்களுக்குப் பின் வேல்ஸ் நாட்டின் பர்ரி போர்ட் அருகே விமானம் நீரில் இறங்கியது.

கூட்டம் அமெலியாவைச் சூழ்ந்தது. ஓட்டியவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பயணத்திற்காக ஸ்டல்ட்ஸுக்கு 20,000 டாலரும் கார்டனுக்கு 5,000 டாலரும் ஊதியம். அமெலியாவுக்குப் பணம் ஏதுமில்லை. ஆனால் நியூயார்க்கில் ஊர்வலமும், நாளேடுகளில் முதல் பக்கமும், பெண் லிண்ட்பெர்க் என்ற பட்டமும் அவருக்கே கிடைத்தன. தாம் மூட்டை போல் ஏற்றிச் செல்லப்பட்ட ஒரு சுமையே என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். பாராட்டு முழுவதும் ஸ்டல்ட்ஸுக்கே உரியது என்று திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார். மக்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டனர். அவரோ அதைக் கடன் என்று கருதினார்.

தகுதியை வளர்த்த நான்கு ஆண்டுகள்

அக்கடனைத் தீர்க்க அவர் அவசரப்படவில்லை. 1928-இலேயே அமெரிக்கக் கண்டத்தின் குறுக்கே தனியே சென்று திரும்பினார். 1929-இல் பெண்களுக்கான முதல் கண்டம் கடக்கும் விமானப் பந்தயத்தில் மூன்றாம் இடம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பெண் விமானிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். உரிமம் பெற்றிருந்த 117 பேரில் 99 பேர் சேர்ந்ததால் அதற்குத் ‘தொண்ணூற்றொன்பதின்மர்’ என்ற பொருளிலேயே பெயர் அமைந்தது. அதன் முதல் தலைவராக அமெலியா தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்றும் அச்சங்கம் பல நாடுகளில் இயங்கி வருகிறது.

1931 பிப்ரவரி 7 அன்று ஜார்ஜ் புட்னமை மணந்தார். பலமுறை மறுத்த பின்னரே அவர் இசைந்தார். மணநாளன்று காலை மணமகனிடம் அவர் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். திருமணத்தால் தம் பணி தடைபடக் கூடாது, ஓராண்டில் இருவருக்கும் மகிழ்ச்சி இல்லையெனில் தம்மைப் போகவிட வேண்டும் என்பது அதன் சாரம். புட்னம் அதை ஏற்றார். மனைவியின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றதில் அவரது வணிகத் திறனுக்குப் பெரும் பங்கு உண்டு. சொற்பொழிவு, நூல், விளம்பரம், ஆடை வடிவமைப்பு என வருவாய் வழிகள் திறந்தன. அடுத்த பயணத்திற்கான பணம் இவற்றிலிருந்தே வந்தது. விளம்பரத்தில் மிதக்கும் விமானி என்ற விமர்சனமும் உடன் எழுந்தது.

நெருப்பும் பனியும் சூழ்ந்த இரவு

தனியே கடலைக் கடக்கும் திட்டம் கமுக்கமாகவே வைக்கப்பட்டது. நார்வே நாட்டு விமானி பெர்ன்ட் பால்சன், அமெலியாவின் லாக்ஹீட் வேகா விமானத்தைச் சீரமைத்தார். துருவப் பயணம் ஒன்றிற்காக அது ஆயத்தமாவதாகவே வெளியில் நம்பப்பட்டது. ஒற்றை எஞ்சின் கொண்ட அவ்விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டிகள் பொருத்தப்பட்டன. அமெலியா ஓய்வெடுக்கட்டும் என்று நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிரேஸ் வரை பால்சனே விமானத்தை ஓட்டிச் சென்றார்.

லிண்ட்பெர்க் புறப்பட்டதன் ஐந்தாம் ஆண்டு நிறைவு நாளான 1932 மே 20 அன்று மாலை, 34 வயது அமெலியா தனியே வானில் எழுந்தார். முதல் சில மணி நேரம் வானம் தெளிவாக இருந்தது. அதன்பின் உயரங்காட்டி பழுதடைந்தது. கடலுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதை இரவில் அறிய வேறு வழி கிடையாது. அடுத்து புயல் மேகம் சூழ்ந்தது. எஞ்சினின் புகைபோக்கிக் குழாயில் பற்றுவைத்த இடம் ஒன்று விரிசல் கண்டு, அதன் வழியே தீ நாக்கு வெளிப்பட்டது.

மேகத்தைத் தாண்ட மேலே ஏறினால் இறக்கைகளில் பனி உறைந்தது. அதன் எடையால் விமானம் சுழன்று கீழே விழத் தொடங்கியது. கட்டுப்பாட்டிற்குள் கொண்டு வந்தபோது அலைகளின் வெண்ணுரை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாழ்ந்திருந்தார். கீழே பறந்தால் கடல். மேலே ஏறினால் பனி. இரண்டிற்கும் இடைப்பட்ட ஓர் உயரத்தைக் கருவிகளின் துணையால் மட்டுமே கணித்து விடியும் வரை பறந்தார். விடியற்காலையில் மாற்று எரிபொருள் தொட்டியின் அளவுகாட்டி கசிந்து பெட்ரோல் சொட்டியது. அப்பால் விரிசலிலிருந்து தீ வெளிவந்து கொண்டிருந்தது. இரவு முழுவதற்கும் அவரது உணவு சிறிது தக்காளிச் சாறே.

பாரிஸ் செல்லும் எண்ணத்தைக் கைவிட்டு, முதலில் தென்படும் நிலத்தில் இறங்க முடிவு செய்தார். அந்த நிலமே அயர்லாந்து. கல்மோரின் மேய்ச்சல் நிலத்தில் சக்கரங்கள் தரையைத் தொட்டபோது, 1928-இல் கிடைத்த புகழை அமெலியா உழைத்து ஈட்டியிருந்தார்.

அமெரிக்க நாடாளுமன்றம் அவருக்குச் சிறப்புமிகு பறத்தல் பதக்கத்தை வழங்கியது. அதைப் பெற்ற முதல் பெண் அவரே. அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் நேஷனல் ஜியாக்ரபிக் சங்கத்தின் தங்கப் பதக்கத்தை அணிவித்தார். பிரான்ஸ் அரசும் விருதளித்துப் பாராட்டியது. அந்தச் சிவப்பு வேகா இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் வான்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

பசிபிக் கடலின் மீது

அடுத்த பெருங்கடல் பசிபிக். ஹவாய்த் தீவுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடைப்பட்ட அக்கடற்பரப்பு அச்சமூட்டும் பெயர் பெற்றிருந்தது. 1927-இல் அங்கு நடத்தப்பட்ட விமானப் பந்தயத்தையொட்டிப் பத்துப் பேர் உயிரிழந்திருந்தனர். 1935 ஜனவரி 11 அன்று ஹொனலூலுவிலிருந்து புறப்பட்ட அமெலியா, 18 மணி நேரத்திற்கும் மேல் தனியே பறந்து ஓக்லண்டில் இறங்கினார். அத்தொலைவைத் தனியே பறந்து கடந்த முதல் மனிதர் அவரே. இம்முறை ‘முதல் பெண்’ என்ற அடைமொழி தேவைப்படவில்லை. விமானத்தில் இருவழி வானொலித் தொடர்பு இருந்ததால், தரையிலிருந்து ஒலித்த கணவரின் குரலை நடுக்கடலின் மேல் கேட்க முடிந்தது.

அதே ஆண்டு இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகம், மாணவியருக்குத் தொழில் வழிகாட்டும் ஆலோசகராக அவரை அழைத்தது. பொறியியலும் அறிவியலும் பெண்களுக்கும் உரியவை என்று அவர் அங்கு வலியுறுத்தினார். அப்பல்கலைக்கழக ஆய்வு அறக்கட்டளையின் நிதியுதவியால், இரட்டை எஞ்சின் கொண்ட லாக்ஹீட் எலக்ட்ரா விமானம் 1936 ஜூலையில் அவருக்குக் கிடைத்தது. நிலநடுக்கோட்டை ஒட்டி உலகைச் சுற்றி வருவது அடுத்த இலக்காயிற்று.

கராச்சியில் ஒட்டகம், கல்கத்தாவில் பருவமழை

1937 மார்ச்சில் மேற்கு நோக்கித் தொடங்கிய முதல் முயற்சி, ஹவாயில் புறப்படும்போது விமானம் ஓடுபாதையில் நிலைதடுமாறிச் சேதமடைந்ததால் நின்றது. அந்தக் குழுவில் இருந்த ஹாரி மேனிங் வானொலித் தொடர்பில் தேர்ந்தவர். விபத்திற்குப் பின் அவர் விலகினார். எஞ்சியவர், பசிபிக் வான்வழிகளை வகுப்பதில் அனுபவம் மிக்க வழிகாட்டி ஃபிரெட் நூனன் மட்டுமே.

பருவநிலை மாறியதால் திசையும் மாற்றப்பட்டது. 1937 ஜூன் 1 அன்று மயாமியிலிருந்து இருவரும் கிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகியவற்றைக் கடந்து, செங்கடல் கரையின் அசாப் நகரிலிருந்து இடைநில்லாமல் பறந்து, ஜூன் 15 அன்று அப்போதைய பிரிவுபடாத இந்தியாவின் கராச்சியை அடைந்தனர். செங்கடலிலிருந்து இந்தியாவுக்கு இடைநில்லாமல் பறந்தவர் அதற்கு முன் எவரும் இலர். கராச்சியில் விமானம் பழுதுபார்க்கப்பட்ட இடைவேளையில் அமெலியா ஒட்டகச் சவாரி செய்தார். கடல் கடந்து கணவருடன் தொலைபேசியில் பேசினார்.

ஜூன் 17 அன்று துணைக்கண்டத்தின் குறுக்கே பறந்து கல்கத்தாவின் டம்டம் விமானத் தளத்தில் இறங்கினர். பருவமழையில் தளம் சேறாகியிருந்தது. இன்னும் மழை பெய்தால் கிளம்பவே இயலாது என்ற நிலையில், மறுநாள் எரிபொருள் சுமையோடு ஈர மண்ணில் ஓடி, எல்லையில் நின்ற மரங்களை மயிரிழையில் தாண்டி விமானம் மேலெழுந்தது. பர்மாவின் அக்யாப் நகருக்கு அப்பால் மழை திருப்பியடித்தது. இறக்கை முனைகளின் வண்ணப்பூச்சு பெயர்ந்து போகும் அளவுக்கு அம்மழை கடுமையாக இருந்தது. ஒருமுறை பின்வாங்கி, அடுத்த நாள் ரங்கூனை எட்டினர். பாங்காக், சிங்கப்பூர், பாண்டுங், டார்வின் வழியாக ஜூன் 29 அன்று நியூ கினியின் லே நகருக்கு வந்து சேர்ந்தபோது, ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர் கடந்திருந்தனர். மீதமிருந்தது சுமார் 11,000 கிலோமீட்டர். அனைத்தும் பசிபிக் கடல்.

ஹவ்லண்ட் என்னும் மணல் திட்டு

அடுத்த இலக்கு ஹவ்லண்ட் தீவு. தொலைவு 4,100 கிலோமீட்டர். தீவின் நீளம் இரண்டரை கிலோமீட்டர் கூட இல்லை. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சில மீட்டர்களே. அத்தீவில் அமெலியாவுக்காகவே ஓடுபாதைகள் அமைக்கப்பட்டிருந்தன. வானொலி வழியே வழிகாட்ட அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் ‘இட்டாஸ்கா’ கப்பல் காத்திருந்தது.

ஜூலை 2 அன்று காலை 10 மணிக்கு லே நகரிலிருந்து எலக்ட்ரா புறப்பட்டது. இரவு முழுவதும் பறந்து, பன்னாட்டுத் தேதிக் கோட்டைக் கடந்ததால் நாள்காட்டியில் மீண்டும் ஜூலை 2-ஆம் தேதிக் காலையிலேயே அவர்கள் ஹவ்லண்டை நெருங்கினர். அமெலியாவின் குரல் கப்பலில் தெளிவாகக் கேட்டது. கப்பலின் குரல் அமெலியாவை எட்டவில்லை. விமானத்தில் இருந்தவர்கள் மோர்ஸ் குறியீட்டில் தேர்ந்தவர்கள் அல்லர். நெடுந்தொலைவுத் தொடர்புக்கான நீள்கம்பி அலைவாங்கியும் முன்னரே அகற்றப்பட்டிருந்தது. அவர் பேசிய அலைவரிசையில் திசையைக் கணிக்கக் கப்பலால் இயலவில்லை.

காலை 7.42 மணிக்கு, தாம் கப்பலுக்கு மேலே இருக்க வேண்டும் என்றும், ஆனால் கப்பல் தென்படவில்லை, எரிபொருள் குறைகிறது என்றும் தெரிவித்தார். 8.43 மணிக்கு, ஒரு குறிப்பிட்ட கோட்டில் வடக்கும் தெற்குமாகப் பறந்து தேடுவதாகச் செய்தி வந்தது. அதன்பின் அவரிடமிருந்து தெளிவான செய்தி எதுவும் கப்பலுக்குக் கிடைக்கவில்லை. 40-ஆவது பிறந்தநாளுக்கு அப்போது 22 நாள்களே இருந்தன.

தீராத தேடல்

விமானந்தாங்கிக் கப்பலான ‘லெக்சிங்டன்’ உள்ளிட்ட கப்பல்களும் பல விமானங்களும் இரண்டு வாரங்களுக்கும் மேலாக ஆறு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்பரப்பைச் சல்லடையிட்டன. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. 1939 ஜனவரி 5 அன்று அமெலியா இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவித்தது.

எரிபொருள் தீர்ந்து ஹவ்லண்ட் அருகே விமானம் கடலில் மூழ்கியது என்பதே பரவலாக ஏற்கப்படும் கருத்து. தென்கிழக்கில் உள்ள நிக்குமரோரோ தீவில் இருவரும் கரையொதுங்கி உயிரிழந்தனர் என்போரும் உண்டு. ஜப்பானியரிடம் சிக்கினர் என்ற கதைக்கு உறுதியான சான்று இல்லை. 2024 ஜனவரியில் ஆழ்கடல் ஒலிவரைபடத்தில் விமானம் போன்ற உருவம் தென்பட்டதாக வெளியான செய்தி உலகெங்கும் பரவியது. அது இயற்கையான பாறை அமைப்பே என்று அதே ஆண்டு நவம்பரில் தெரியவந்தது.

அமெலியா முடிக்காமல் விட்ட பயணத்தை வேறொரு அமெரிக்கப் பெண் முடித்தார். ஜெரி மாக் 1964 ஏப்ரலில் விமானத்தில் தனியே உலகைச் சுற்றி வந்த முதல் பெண் ஆனார். 2019 மே மாதத்தில் மும்பையைச் சேர்ந்த 23 வயது ஆரோஹி பண்டிட், இலகுரக விளையாட்டு விமானத்தில் அட்லாண்டிக்கைத் தனியே கடந்த முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றார். இன்று இந்திய விமானிகளில் பெண்களின் விகிதம் உலகச் சராசரியைவிட மிகுதி.

அமெலியா எங்கே மறைந்தார் என்ற கேள்வியே இன்றும் அதிகம் கேட்கப்படுகிறது. அவர் மறைந்த அந்தக் காலைப் பொழுதைவிட, 1928-க்கும் 1932-க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளே அவர் யார் என்பதைக் கூடுதலாகச் சொல்கின்றன. கைக்கு வந்த புகழை அப்படியே வைத்துக்கொண்டு அவர் வாழ்ந்திருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அதற்குத் தகுதியானவராகத் தம்மை ஆக்கிக்கொள்ளாமல் அவர் அமைதி கொள்ளவில்லை.